சமணமலைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

மதுரையின் மேற்குப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. இருட்டோடு எழுந்து முகம் கழுவிக் கிளம்பினால், விடியும்போது ஒரு மலையின் மேல் நிற்கலாம். வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குள் வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்டும் விடலாம். கீழக்குயில்குடி சமணமலையைத்தான் சொல்கிறேன். கொடைக்கானலுக்கும் சிறுமலைக்கும் கார் ஏற்பாடு செய்து போய் வந்த பலர், வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற இந்த மலையில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. நானும் பல வருடங்கள் அதன் பக்கமாகவே பேருந்தில் போய் வந்தேன். ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது வாரத்துக்கு ஒரு காலையாவது போகாவிட்டால் அந்த வாரம் எதையோ விட்டுவிட்டது போல இருக்கிறது.

புதிதாகப் போக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது முதலில் ஒன்றுதான்: முதல் நாளே உச்சிக்குப் போகாதீர்கள். இந்த மலையை மூன்று காலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் காலை, சுனையும் சிற்பங்களும் உள்ள பேச்சிப்பள்ளம் வரை. இரண்டாம் காலை செட்டிப்புடவு என்கிற குகை. மூன்றாவது காலைதான் உச்சி. மலை சிறியதுதான், ஒரே மூச்சில் ஏறி இறங்கக்கூடியதுதான். ஆனால் அப்படி ஏறியவர்களில் பெரும்பாலானவர்கள், நான் பார்த்தவரையில், மறுபடி வருவதில்லை. தொடை வலி நாலு நாள் இருக்கும். பார்க்க வேண்டியதை எல்லாம் வேக வேகமாகப் பார்த்துவிட்டதால் மறுபடி போக ஒரு காரணமும் மிச்சம் இருக்காது. வீட்டுக்குப் பக்கத்து மலைக்குத் திரும்பத் திரும்பப் போக முடியும் என்பதுதான் அதன் அருமை.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய மிக நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், பாறை காய்ந்திருக்கும், அடிவாரத்துத் தாமரைக் குளத்தில் பெரும்பாலும் தண்ணீர் கிடக்கும். மார்கழிப் பனியில் மலைக்கு மேல் நின்று பார்த்தால் ஊர்கள் எல்லாம் வெள்ளைத் துணிக்குள் இருப்பது போலத் தெரியும்.

சித்திரை, வைகாசியில் போகக் கூடாது என்று இல்லை. ஆனால் ஏழரை மணிக்கெல்லாம் கீழே வந்துவிட வேண்டும். இது மண் மலை இல்லை, வெறும் பாறை. மரநிழல் அடிவாரத்தோடு சரி. வெயில் ஏறிவிட்டால் மேலே இருந்தும் அடிக்கும், காலுக்குக் கீழே இருந்தும் அடிக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் பழக்கம் இல்லாதவர்கள் வேண்டாம்.

ஆனி, ஆடியில் காற்று. மேற்கிலிருந்து வருகிற காற்று கணவாய் வழியாகத் தேனிப் பக்கம் புகுந்து மதுரைச் சமவெளியில் ஓடும். கீழே வீட்டு மாடியில் துணியைத் தூக்கிக்கொண்டு போகிற அந்தக் காற்று மலைமேல் ஆளையே தள்ளும். பேச்சிப்பள்ளம் வரை போகலாம். உச்சியை ஆவணிக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எச்சரிக்கை அதிகம் தேவை. பாறையில் தண்ணீர் வழிந்து வழிந்து கறுத்த பட்டைகள் விழுந்திருக்கும். காய்ந்திருக்கும்போது அவை வெறும் கறைதான். நனைந்துவிட்டால் அதே இடம் பாசி பிடித்த கிணற்றுப் படி மாதிரி வழுக்கும். முந்தின நாள் இரவு மழை பெய்திருந்தால் அன்றைக்குக் குளக்கரையோடு நடந்துவிட்டு வந்துவிடுங்கள்.

மதுரையில் மே, ஜூன் மாதங்களில் சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கு உதிக்கிறது. ஜனவரிக் கடைசியில் 6.35 ஆகிவிடும். உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பு அடிவாரத்தில் இருந்தால் சரியாக இருக்கும். கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய பிறகுதான் ஏற வேண்டும். டார்ச் அடித்துக்கொண்டு இருட்டில் ஏறுவதைப் புதியவர்கள் செய்யவே கூடாது. டார்ச் வெளிச்சத்தில் பாறைச் சரிவின் அளவு தெரியாது. சமதளமாகத் தெரிகிற இடம் சரிவாக இருக்கும்.

கையில் என்ன

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மேலே சுனை உண்டு, ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கைகள் இரண்டும் காலியாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். அதனால் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய பையாக இருந்தாலும் பரவாயில்லை, முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். அதில் ஒரு துண்டு, இரண்டு வாழைப்பழம் அல்லது கொஞ்சம் கடலைமிட்டாய், ஒட்டுப் பிளாஸ்திரி, குப்பை போட்டு எடுத்துவர ஒரு காலிப் பை. இவ்வளவு போதும்.

செருப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விலை உயர்ந்த மலையேற்ற ஷூ எதுவும் தேவையில்லை. அடிப்பகுதி ரப்பராக இருக்க வேண்டும், தேய்ந்திருக்கக் கூடாது, குதிகாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். சாதாரண கேன்வாஸ் ஷூவே இந்தப் பாறையில் நன்றாகப் பிடிக்கும். ஹவாய் செருப்பு ஏறும்போது சமாளித்துவிடும், இறங்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். என்னுடைய இரண்டாவது தடவையில், நாலு வருடம் போட்டுத் தேய்ந்த ஷூவோடு போனேன். இறங்கும்போது சரிவில் கால் போய் உட்கார்ந்த வாக்கில் நாலைந்து அடி சறுக்கினேன். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து, இரண்டு வாரம் சாப்பாட்டைப் பிசைந்து சாப்பிட முடியவில்லை. ஷூவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் மழுங்கியிருந்தால் அது கடைத்தெருவுக்கு மட்டும்தான்.

வெறும் வயிற்றில் ஏறுவது பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறவே கூடாது. பாதியில் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். இரண்டு பிஸ்கெட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், பையில் இனிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இதயத்தில் ஏற்கனவே தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வர வேண்டாம்.

அடிவாரம்

மதுரையிலிருந்து தேனி சாலையில் போகிற பேருந்தில் ஏறி நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கினால், அங்கிருந்து கீழக்குயில்குடிக்கு ஆட்டோவில் போய்விடலாம். ஆனால் விடியற்காலை என்பதால் இருசக்கர வண்டிதான் வசதி. ஊருக்குள் நுழைந்ததும் யாரிடமும் கருப்பசாமி கோயில் எங்கே என்று கேளுங்கள். சமணமலை எங்கே என்று கேட்பதைவிட அதுதான் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஊர்க்காரர்களுக்கு இந்த மலை முதலில் கருப்பசாமியின் மலை.

கோயில், அதன் முன்னால் தாமரைக் குளம், சுற்றிலும் விழுது இறக்கிய ஆலமரங்கள். முதல் தடவை வருகிறவர்கள் இங்கே பத்து நிமிடமாவது நிற்க வேண்டும் என்பேன். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு தரையில் தத்தும். நாமக்கோழி இலைகளுக்கு நடுவில் நீந்தும். மலைப் பக்கமிருந்து மயில் அகவுவது கேட்கும். அந்தப் பத்து நிமிடத்தில் உடம்பையும் தயார் செய்துகொள்ளலாம்: குளத்தை ஒட்டி மெதுவாக ஒரு நடை, கணுக்காலை இரண்டு பக்கமும் சுழற்றுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை இழுத்துவிடுவது. தூங்கி எழுந்த உடம்பை நேராகப் படியில் ஏற்றினால்தான் முதல் ஐம்பது படியிலேயே மூச்சு முட்டுகிறது.

இது கும்பிடுகிற இடம். வண்டியைக் கோயிலுக்கு நேர் எதிரே நிறுத்தாதீர்கள், செல்போனில் பாட்டு போடாதீர்கள். டீக்கடை திறந்திருந்தால் அங்கே ஒரு வணக்கம் சொல்லிவிட்டு ஏறுங்கள். ஒரு காலையில் டீக்கடை அம்மா கேட்டார்: "மேல போறீங்களா தம்பி? நேத்து ராத்திரி தூறல் போட்டுச்சு, பாத்துப் போங்க." அவர் சொன்ன பிறகுதான் பாறை நனைந்திருப்பதையே கவனித்தேன். அந்த மலையைத் தினமும் பார்க்கிறவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது.

தனியாகப் போக வேண்டாம், குறைந்தது இரண்டு பேர். யாருமே கிடைக்காவிட்டால், எந்த மலைக்கு, எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஏதாவது ஆகிவிட்டால் 108 கூப்பிடும்போது "கீழக்குயில்குடி கருப்பசாமி கோயில்" என்று சொன்னால் இடம் புரியும்.

முதல் காலை: பேச்சிப்பள்ளம்

கோயிலை ஒட்டியே மலை ஏறும் வழி தொடங்குகிறது. பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. படிகள் ஒரே உயரமாக இருக்காது. வீட்டு மாடிப்படி ஏறுகிற பழக்கத்தில் தலையை நிமிர்த்திக்கொண்டு ஏறினால் இடறும்.

ஏறுகிற முறை இதுதான். கால் முழுவதையும் பாறையில் பதியுங்கள். முன்பாதத்தில் மட்டும் நின்று ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். எட்டி எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். மூக்கால் மூச்சு விட முடிகிற வேகம்தான் சரியான வேகம். வாயைத் திறக்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாவிட்டால் நின்றுவிடுங்கள். நிற்கும்போது உட்கார வேண்டாம், நின்றபடியே மூச்சு வாங்குங்கள். உட்கார்ந்து எழுந்தால் கால் கனத்துவிடும். நெஞ்சு இறுக்கமோ, இடது கையில் வலியோ, கண் இருட்டுவதோ இருந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம்தானே என்று யாரும் வற்புறுத்தக் கூடாது.

மெதுவாக ஏறினாலும் கால் மணி நேரத்தில் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். ஒரு சுனை, அதை ஒட்டி நீளமாக ஒரு பாறை, அந்தப் பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆனவை. முதல் காலையை இங்கே முடித்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணமே இந்த வரிசைதான். உச்சிக்குப் போகிற அவசரத்தில் இருப்பவர்கள் இதன் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்கி, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

யார் யார் என்று அடையாளம் காண்பது கடினம் இல்லை. நின்ற கோலத்தில், கால்களைச் சுற்றிக் கொடி படர்ந்திருந்தால் அது பாகுபலி என்கிற சமணத் துறவி. அசையாமல் தவத்தில் நின்றதால் உடம்பில் கொடி ஏறிவிட்டது என்பது கதை. இரண்டு பக்கமும் நிற்கிற பெண்கள் அவருடைய சகோதரிகள் பிராமி, சுந்தரி. தலைக்கு மேல் ஐந்து தலை நாகம் படம் விரித்திருந்தால் பார்சுவநாதர்; தீர்த்தங்கரர்கள் என்று சமணர்கள் வணங்கும் ஞானகுருக்களில் ஒருவர். அமர்ந்த கோலத்தில், தலைக்கு மேல் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று குடை இருந்தால் அதுவும் ஒரு தீர்த்தங்கரர். மகாவீரர் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த மூன்று அடையாளங்களும் தெரிந்துவிட்டால் மதுரையைச் சுற்றி எந்தச் சமணக் குன்றுக்குப் போனாலும் நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம்.

சிற்பங்களுக்குக் கீழே எழுத்துகள் தெரியும். தமிழ்தான், ஆனால் வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் பல நூற்றாண்டுகள் புழங்கி, சோழர் ஆட்சி இங்கே வந்த பிறகு மெல்ல மறைந்த எழுத்து. நம்மால் வாசிக்க முடியாது. ஆனாலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு அனுபவம். அதில் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. அச்சணந்தி ஒன்பதாம் நூற்றாண்டுவாக்கில் ஊர் ஊராகப் போய்ப் பாறைகளில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செய்வித்த சமணத் துறவி. யானைமலையிலும் அழகர்மலையிலும் உத்தமபாளையத்திலும் அவர் பெயர் இருக்கிறது. இங்கே இருப்பது அவருடைய அம்மாவின் பெயர். துறவியாகப் போய்விட்ட மகனின் பெயரைச் சொல்லி ஒரு தாய் செய்துவைத்த சிற்பம் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறேன்.

தொடாமல் பாருங்கள். எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பையோ மாவையோ தடவுவது கல்லைக் கெடுக்கும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், பக்கவாட்டில் நின்று பார்த்தாலே வரிகள் எடுப்பாகத் தெரியும். இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். இப்படிப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து அல்ல, பக்கத்துப் பாறையில் அம்புக்குறி பாய்ச்சிய இதயமும் இரண்டு பெயர்களும் கீறியிருப்பதை ஒரு தடவை பார்த்தால் உங்களுக்கே கை வராது. ஆயிரம் வருட மழைக்குத் தாங்கிய பாறை அது. நம் காலத்தில் அதற்கு இப்படி ஆகிறதே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது.

இறங்குவது

ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்கு முழங்கால் வேண்டும். விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். ஏறிவிட்டோம் என்ற நிம்மதியில் கவனம் போய்விடும். முழங்காலை லேசாக மடக்கி, உடம்பைச் சற்று முன்னால் வைத்து இறங்குங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால் பாதம் வழுக்கும். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து, அது நிலைத்த பிறகு அடுத்த காலை வையுங்கள். கம்பி இருக்கிற இடத்தில் கம்பியைப் பிடியுங்கள்; வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு மூங்கில் கம்பு பெரிய உதவி. பேசிக்கொண்டு இறங்க வேண்டாம். படம் எடுக்க வேண்டுமென்றால் நின்று எடுங்கள்.

உட்காரும் இடத்தில் கையை ஊன்றுவதற்கு முன் பாருங்கள். பாறை இடுக்குகளில் தேள் இருக்கும், பாம்பும் இருக்கலாம். அதைவிட அதிகமாக இருப்பது உடைந்த பாட்டில் கண்ணாடி. இரவில் வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் விட்டுச் செல்வது. முடிந்தால் பெரிய துண்டுகளை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வந்துவிடுங்கள். பாறை முகப்பில் தேனடை தொங்குவதைப் பார்த்தால் கீழே நின்று சத்தம் போடாமல், கல் எறியாமல் விலகிப் போங்கள். மலைத்தேனீ கலைந்தால் தப்பிக்க அங்கே ஒளிவிடம் கிடையாது.

வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் காலைக் கழுவிவிட்டு, கெண்டைக்காலுக்கு நல்லெண்ணெய் தடவி நீவி விடுங்கள். மறுநாள் வலி இருக்கத்தான் செய்யும். வலி முழுதாகப் போன பிறகு அடுத்த காலையை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரம் சரியாக இருக்கும். இடைப்பட்ட நாட்களில் வீட்டு மாடிப்படியைத் தினமும் பத்துத் தடவை ஏறி இறங்கினால் இரண்டாம் காலை எளிதாகிவிடும்.

இரண்டாம் காலை: செட்டிப்புடவு

இது மலையின் தென்மேற்குப் பக்கம். அடிவாரத்தை ஒட்டிய பாதையிலேயே சுற்றிக்கொண்டு போய், அங்கிருந்து படி ஏற வேண்டும். ஏற்றம் குறைவு, நடை அதிகம். வழியில் எருக்கு, ஆவாரை, கள்ளி என்று வறண்ட நிலத்துச் செடிகள். ஆவாரை பூத்திருக்கிற நாளாக இருந்தால் பாதை முழுக்க மஞ்சள்.

புடவு என்றால் குகை. குகை வாசலுக்குப் பக்கத்தில் பாறையில் பெரிய தீர்த்தங்கரர் உருவம் ஒன்று அமர்ந்திருக்கிறது. நீண்ட காதும் நிறைந்த உடம்புமாக இருப்பதால் ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்றார்கள். குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயர் வந்துவிட்டது. சமணம் இந்த ஊரைவிட்டுப் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும், அந்த உருவத்தை அந்நியமாக விட்டுவிடாமல் தங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதராக வைத்துக்கொண்ட அந்த மனசு எனக்குப் பிடிக்கும்.

குகைக்குள் தலையைக் குனிந்து நுழையுங்கள், கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு மேலே பாருங்கள். ஐந்து சிற்பங்கள் உண்டு. முதலாவதில் சிங்கத்தின் மேல் அமர்ந்த பெண் ஒருத்தி வில்லோடு இருக்கிறாள். எதிரே யானை மேல் ஒருவன். நடுவில் மூன்று தீர்த்தங்கரர்கள். கடைசியில் அமர்ந்த கோலத்தில் ஒரு இயக்கி, அதாவது சமணப் பெண் தெய்வம். அந்தச் சிங்கத்துப் பெண்ணைத்தான் குழந்தைகள் முதலில் கண்டுபிடிப்பார்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் பேச்சிப்பள்ளத்துக்கு முன்பே இங்கே கூட்டி வரலாம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தாராளமாக முடியும். குகைக்குள் சாப்பிடுவது, பத்தி கொளுத்துவது வேண்டாம். புகை கல்லில் படியும்.

மூன்றாம் காலை: உச்சி

இந்த நாள் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புங்கள். பேச்சிப்பள்ளத்தில் இந்த முறை நிற்காமல் மேலே போங்கள். அதற்கு மேல் ஒழுங்கான படி எல்லா இடத்திலும் கிடையாது. சற்று ஏறினால் ஒரு கட்டடத்தின் அடித்தளம் மட்டும் கிடக்கும். மாதேவிப் பெரும்பள்ளி என்று கல்வெட்டில் பெயர் உள்ள, சமணத் துறவிகள் தங்கிய பள்ளி அது. ஒன்பதாம் நூற்றாண்டில் பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் என்ற சொல்லுக்குள் இருக்கிற பள்ளி இந்தப் பள்ளிதான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அங்கிருந்து உச்சிக்கு வெறும் பாறை மேல் நடக்க வேண்டும். முன்னால் போனவர்கள் நடந்து நடந்து பாறையில் ஒரு வெளிறிய தடம் தெரியும்; அதை விட்டு விலகாதீர்கள். ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்ப்பதும், ஓரத்தில் நின்று செல்பி எடுப்பதும் வேண்டவே வேண்டாம். பாறை ஓரம் சட்டென்று முடியாது, வளைந்து வளைந்து சரியும். எந்த இடத்தில் கால் நிற்காது என்பது நின்ற பிறகுதான் தெரியும். கையை ஊன்றித்தான் ஏற வேண்டும் என்று ஒரு இடத்தில் தோன்றினால், அங்கே ஏறுவதற்கு முன் திரும்பிப் பார்த்து, இதே வழியாக இறங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் அன்றைக்கு அதுதான் உங்கள் உச்சி.

மேலே விளக்கு ஏற்றுகிற கல்தூண் ஒன்று நிற்கிறது. அதன் அருகே பாறையில் கன்னட எழுத்து. கர்நாடகத்தின் சமணத் தலமான சிரவணபெளகொளா பக்கத்திலிருந்து வந்த துறவிகளின் பெயர்கள் அதில் உண்டு. அத்தனை தூரம் நடந்து வந்தவர்கள் இந்த இடத்தைத் தேடி ஏறியிருக்கிறார்கள்.

மூச்சு அடங்கியதும் நாலு பக்கமும் பாருங்கள். வடக்கே நீளமாகக் கிடப்பது நாகமலை. தென்கிழக்கே பசுமலை, அதற்குச் சற்றுத் தெற்கே திருப்பரங்குன்றம். பனி இல்லாத காலையில் கிழக்கே வெகுதூரத்தில் யானைமலை படுத்திருப்பது தெரியும். மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய யானையையும் நாகத்தையும் மாயப் பசுவையும் சிவன் மலைகளாக்கினார் என்று திருவிளையாடற் கதை உண்டு. அந்த மூன்று மலைகளையும் சமணர்கள் வாழ்ந்த மலையின் மேல் நின்று ஒரே பார்வையில் பார்க்கிறோம். ஊரில் சொல்லிக் கேட்ட கதை, கல்லில் இருக்கிற வரலாறு இரண்டும் அந்த இடத்தில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்பது போல எனக்குத் தோன்றும். இதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசை வந்தால், மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு மக்களை அழைத்துப் போய் அங்கேயே வரலாற்றை விளக்குகிற பசுமை நடை குழுவினரின் நடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துகொள்ளுங்கள். நான் மேலே சொன்னதில் பாதி, அப்படிக் கூட்டமாக நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

மேலே இருபது நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். வியர்வை காற்றில் உலர்ந்து உடம்பு இறுகிவிடும், பிறகு இறங்கும்போது கால் நடுங்கும். துண்டால் துடைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, கடலைமிட்டாயைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பையில் பாதித் தண்ணீர் இறங்குவதற்கு மிச்சம் இருக்க வேண்டும்.

வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர்கள் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. ஆலமரத்தடியில் ஒரு துண்டை விரித்து, குளத்தைப் பார்த்தபடி உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஏறலாம். என் அம்மா அப்படித்தான் வருவார். நாங்கள் இறங்கி வருவதற்குள் டீக்கடை அம்மாவோடு பேசிப் பழகி, அந்த ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது வரை தெரிந்து வைத்திருப்பார். மேலே எடுத்த படங்களைக் காட்டினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். போன தடவை குணமதியார் பெயர் வருகிற அந்தப் படத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அடுத்த வாட்டி என்னையும் அந்தப் பள்ளம் வரைக்கும் கூட்டிட்டுப் போ, மெதுவா ஏறிருவேன்" என்றார். தை மாதம் பாறை காய்ந்ததும், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறலாம் என்று இருக்கிறோம்.